வெல்டிங்கைத் தொழிலாக எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெல்டிங் கற்க வருகிறவர்களும், பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பல வருடம் வெல்டிங் ராடு மாட்டுகிற ஹோல்டரைப் பிடித்து, அப்புறம் கற்றுக்கொடுக்க வந்தவன் நான். நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன். சில கேள்விகளுக்குப் பதில் நீளமாகப் போகும். அவசரம் என்றால் கண், புகை, உயிராபத்து பற்றிய மூன்றையும் மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

வெல்டர் ஒரு நாள் முழுக்க என்ன செய்வார்?

பொறி பறக்கிற காட்சிதான் எல்லோர் மனதிலும் இருக்கும். ஆனால் நாளின் பெரும்பகுதி பொறி பறப்பதற்கு முன்னால் செலவாகும். வரைபடத்தைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். இரும்பை வெட்ட வேண்டும். ஓரத்தைச் சாய்வாகச் சீவ வேண்டும். துரு, பெயிண்ட், எண்ணெய் எல்லாவற்றையும் கிரைண்டரால் பளபளவென்று எடுக்க வேண்டும். இரண்டு துண்டுகளையும் சரியான இடைவெளியில் நிறுத்தி, அங்கங்கே டேக் (தற்காலிகப் பொட்டு வெல்ட்) போட்டு, கோணம் பார்த்து, அதன் பிறகுதான் வெல்டிங். ஒரு பாஸ், அதாவது ஒரு வரிசை வெல்ட், போட்டதும் மேலே படிந்த கசடான ஸ்லாக்கைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த பாஸ்.

இந்த முன்வேலை சலிப்பாக இருக்கிறது என்பவர்களுக்கு இந்தத் தொழில் கசந்துவிடும். ஒரு ஜாயிண்ட் கெட்டுப்போனால் பெரும்பாலும் கெட்டது ஆர்க், அதாவது மின்பொறி, அடிக்கும் முன்பே. இடைவெளி கோணலாக விட்டதிலோ, துருவை விட்டுவைத்ததிலோ காரணம் கிடக்கும். என்னிடம் கற்றவர்களில் நன்றாக வந்தவர்கள் எல்லோரும் கிரைண்டரை மரியாதையோடு பிடித்தவர்கள்.

எனக்கு இது சரிப்பட்டு வருமா? படிப்பு எவ்வளவு வேண்டும்?

கை நடுங்காமல் இருக்க வேண்டும், கிட்டத்தில் உள்ளது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் தாராளமாக வரலாம். வெல்டிங் ஹெல்மெட்டுக்குள்ளே பொருத்துகிற உருப்பெருக்கி லென்ஸ் இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் "என் பீடு (வெல்ட் வரி) ஏன் கோணலாகப் போகிறது" என்று வருந்துகிற பலருக்குக் கை கெடவில்லை, கண்தான் மாறியிருக்கிறது.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் ஓடவும் முடியாது. பின்னம், கோணம், சுற்றளவு, மில்லிமீட்டருக்கும் அங்குலத்துக்கும் மாற்றுவது, இவ்வளவு கட்டாயம் வேண்டும். உதாரணமாக, இரண்டு தகடு சேரும் மூலையில் முக்கோணமாகப் போடுவது ஃபில்லட் வெல்ட். சமபக்க ஃபில்லட்டின் கழுத்துத் தடிமன் அதன் கால், அதாவது பக்க, அளவைப்போல ஏறத்தாழ 0.7 மடங்கு. 6 மி.மீ. கால் போட்டால் பாரம் தாங்குவது சுமார் 4.2 மி.மீ. இது தெரிந்தவருக்கு வரைபடத்தில் எழுதிய அளவு எதற்கென்று புரியும். வெல்டிங் குறியீடு படிக்கத் தெரிந்த வெல்டரைப் பக்கத்தில் நின்று மேற்பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை முதலில் கூப்பிடுவார்கள்.

குனிந்து, மண்டியிட்டு, படுத்துக்கொண்டு, வெயிலில், குழாய்க்குள் என்று உடம்பு பலவிதமாக வளைய வேண்டியிருக்கும். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெல்டிங் மெஷின் பக்கமே வரக்கூடாது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் கருவியைக் குழப்பலாம்.

ஆர்க், சிஓ2, ஆர்கான் என்று பல பேர் சொல்கிறார்களே, எதில் தொடங்குவது?

பட்டறையில் சாதாரணமாக "ஆர்க் வெல்டிங்" என்பது ராடு பிடித்துச் செய்வது. ராடின் மேல்பூச்சு எரிந்து வாயுவும் ஸ்லாக்கும் ஆகி, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும். வெளியிடத்தில், காற்றடிக்கும் இடத்தில், பழைய இரும்பில், மெஷினைத் தவிர அதிகச் சாமான் இல்லாமல் செய்யக்கூடியது இது.

"சிஓ2 வெல்டிங்" என்று பேச்சில் சொல்வது மிக்-மேக் முறை. கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், வாயு பக்கத்தில் பாயும். வேகம் அதிகம், கற்பது எளிது. ஆனால் ஏமாற்றுவதும் எளிது: மேலே அழகான பீடு ஓடியிருக்கும், அடியில் இரும்போடு சேராமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ஆர்கான் வெல்டிங்" என்பது டிக். உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க், இன்னொரு கையில் ஃபில்லர் கம்பி, தேவைப்பட்டால் காலில் பெடல். மெதுவான, நுணுக்கமான வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், டைட்டேனியம், குழாயின் ரூட் பாஸ் (அடியில் போடும் முதல் வரிசை) எல்லாம் பெரும்பாலும் இதில்தான்.

என் அபிப்பிராயம், ராடில் தொடங்குங்கள். ராடு கரையக் கரையக் கை கீழே இறங்க வேண்டும், ஆர்க் நீளம் மாறாமல் இருக்க வேண்டும், கோணமும் வேகமும் ஒன்றாக வர வேண்டும். அந்தக் கஷ்டத்தில் உருகிய குளத்தைப் பார்க்கக் கண் பழகும். குளத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்ற முறைகள் பின்னாலேயே வரும். முதலில் டிக் கற்று நன்றாக வந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

நன்றாக வர எவ்வளவு காலம் ஆகும்?

தினமும் பல மணி நேரம் பயிற்சி செய்தால், சில மாதங்களில் தட்டையான நிலையில் ஒரு ஒழுங்கான ஃபில்லட் போடலாம். செங்குத்தாகவும் தலைக்கு மேலும் போட இன்னும் பல மாதங்கள். குழாய் வெல்டர் என்று நம்பி அனுப்புகிற அளவுக்கு வர வருடங்கள் வேண்டும். இதை யாராவது சில வாரங்களில் முடித்துத் தருகிறேன் என்றால், எத்தனை மணி நேரம் ராடு என் கையில் இருக்கும் என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் முக்கியம்.

பயிற்சியை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி சொல்கிறேன். ஒரு ராடு முடிந்ததும் அடுத்ததை எடுக்காதீர்கள். ஸ்லாக் தட்டி, பீட்டைப் பாருங்கள். தொடங்கிய இடம் மேடாக இருக்கிறதா, முடித்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஓரத்தில் அண்டர்கட், அதாவது அரித்த பள்ளம், இருக்கிறதா? ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி அடுத்த ராடு எரியுங்கள். 3.2 மி.மீ. 7018 ராடு (இந்த எண்ணின் அர்த்தம் அடுத்த கேள்வியில்) என்றால் சுமார் 100 முதல் 140 ஆம்ப் வரை ஓடும். 10 ஆம்ப் ஏற்றியும் இறக்கியும் சத்தம் எப்படி மாறுகிறது என்று காது கொடுங்கள். ஆர்க் நீளம் ராடின் கம்பித் தடிமனை ஒட்டியே இருக்கட்டும். சரியாக ஓடும்போது ஒரே சீராகப் பொரிகிற சத்தம் வரும். ஆர்க் நீண்டுவிட்டால் படபடவென்று சிதறும். அனுபவசாலிகள் முதுகைக் காட்டி நின்றுகொண்டே "ஆர்க்கைக் கிட்ட வை" என்று சொல்வது இந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

அவ்வப்போது உங்கள் வெல்டை நீங்களே அறுத்துப் பாருங்கள், சுத்தியலால் உடைத்தும் பாருங்கள். மேலே அழகாக இருந்ததன் உள்ளே ஸ்லாக் அடைந்து கிடப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

ராடின் மேல் உள்ள எண்களுக்கு என்ன அர்த்தம்?

அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் முறைப்படி எழுதுகிற எண்கள் அவை. 7018-ஐ எடுத்துக்கொள்வோம். 70 என்பது வெல்ட் உலோகத்தின் இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு, அதாவது சுமார் 480 மெகாபாஸ்கல். அடுத்த 1 எல்லா நிலையிலும் பயன்படுத்தலாம் என்கிறது. கடைசி எண் மேல்பூச்சைச் சொல்லும். 8 என்றால் ஹைட்ரஜன் குறைந்த, இரும்புத்தூள் கலந்த பூச்சு.

ஹைட்ரஜன் என்ற சொல்லில் நில்லுங்கள். பூச்சு ஈரத்தை இழுத்துக்கொண்டால், ஆர்க்கின் சூட்டில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போகும். வெல்ட் ஆறின பிறகு, சில மணி நேரம் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்துக்கூட, உள்ளே விரிசல் விடும். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பீர்கள். இதனால்தான் பாக்கெட் பிரித்த 7018 ராடை 120 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத ஓவனில் வைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கட்டுமான வெல்டிங் விதி டி1.1 இந்த வகை ராடு ஓவனுக்கு வெளியே சாதாரணமாக 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. வலுவான எஃகில் வெல்ட் முடித்து 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கும் வழக்கமும் இதனால் வந்ததுதான்.

3ஜி, 6ஜி என்றால் என்ன?

வெல்ட் செய்யும் நிலையைக் குறிக்கும் எண்கள். ஜி என்பது க்ரூவ் (இரண்டு ஓரத்துக்கு நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பும் வெல்ட்), எஃப் என்பது ஃபில்லட். தகட்டில் 1 என்றால் தட்டையாக, 2 கிடைமட்டமாக, 3 செங்குத்தாக, 4 தலைக்கு மேல். குழாயில் 5ஜி என்றால் குழாய் படுத்த நிலையில் அசையாமல் நிற்கும், நீங்கள்தான் அடியிலிருந்து மேலே சுற்றி வர வேண்டும். 6ஜி-யில் அதே குழாய் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஒரே ஜாயிண்டுக்குள் தலைக்கு மேல், செங்குத்து, கிடைமட்டம் எல்லாமே வந்து போகும். கையும் உடம்பும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கோணம் மாற வேண்டும். 6ஜி தேறியவர் மற்ற நிலைகளுக்கும் தகுதி பெறுகிறார், ஆகவே வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைக் கேட்கிறார்கள். ஐரோப்பிய முறையில் இதே நிலைகளுக்கு பிஏ, பிசி, பிஎஃப் என்று வேறு எழுத்துகள் இருக்கும். குழம்ப வேண்டாம், விஷயம் ஒன்றுதான்.

தகுதித் தேர்வில் எப்படிச் சோதிப்பார்கள்?

முதலில் கண்ணால் பார்ப்பார்கள். விரிசல், அண்டர்கட், நிரம்பாத பள்ளம், ரூட்டில் ஊடுருவாத இடம் இருந்தால் அங்கேயே முடிந்தது. தாண்டினால் வளைவுச் சோதனை: வெல்டிலிருந்து பட்டை பட்டையாக அறுத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் யு வடிவத்துக்கு மடிப்பார்கள். சில பட்டைகளில் மேல்முகம் வெளிப்பக்கம் விரியும், சிலவற்றில் ரூட். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவில், வெளிமுகத்தில் 3 மி.மீ.-க்கு மேல் வாய் திறந்தால் தோல்வி. மடிப்பதற்குப் பதில் எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு.

தோற்றவர்களைப் பார்த்தவரை, பலருக்கும் காரணம் ரூட். கேப்பை, அதாவது கடைசி மேல் பாஸை, அழகாகப் போடுவதில் மனம் போய்விடுகிறது. மடிக்கும்போது ரூட் பட்டை திறந்துகொள்கிறது. அடுத்த காரணம் அவசரம். ஸ்லாக்கை முழுக்க எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த பாஸ். தேர்வில் பதற்றம் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

ஒருமுறை சான்று வாங்கிவிட்டால் வாழ்நாளுக்கும் செல்லுமா?

செல்லாது. வெல்டர் தகுதி குறிப்பிட்ட முறை, நிலை, தடிமன், உலோகம் ஆகியவற்றுக்கு மட்டுமே. கார்பன் ஸ்டீலில் ராடு கொண்டு தேறியவர் அந்தச் சான்றை வைத்து அலுமினியத்தில் டிக் செய்ய முடியாது. அந்த முறையில் 6 மாதம் வெல்ட் செய்யாமல் இருந்துவிட்டால் தகுதி காலாவதியாகும் என்பது ஏஎஸ்எம்இ விதி. ஐஎஸ்ஓ 9606-1 என்ற சர்வதேசத் தரத்திலும் 6 மாதத்துக்கு ஒருமுறை, இவர் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். ஆகவே என்றைக்கு, எந்த முறையில், என்ன ஜாயிண்ட் போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை மாறும்போது இந்த நோட்டு பேசும்.

சின்ன வெல்ட்தானே, அதில் போய் என்ன இவ்வளவு கெடுபிடி?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்வேன். 1980 மார்ச் 27 மாலை, வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் எல். கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை புயலில் கவிழ்ந்தது. எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்குவதற்காகப் பயன்படுத்திய நார்வே நாட்டு மேடை அது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஐந்து கால்களில் ஒன்று கழன்றுபோனதுதான் காரணம். கால் ஏன் கழன்றது என்று தேடிப் போனவர்கள், அதைத் தாங்கிய ஒரு குறுக்குக் குழாயில் வந்து நின்றார்கள். நீருக்கடி ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்த அந்தக் குழாயில் ஒரு சின்னத் தாங்கியை வெல்ட் செய்திருந்தார்கள். வெறும் 6 மி.மீ. ஃபில்லட். அந்த வெல்ட் மோசமாக இருந்தது. அதில் தொடங்கிய விரிசல் அலை அடிக்க அடிக்க வளர்ந்து குழாயைச் சுற்றி அறுத்துவிட்டது. விரிசலுக்குள் பெயிண்ட் படிந்திருந்ததையும் கண்டார்கள். அதாவது மேடை கடலுக்குப் போகும் முன்பே, பெயிண்ட் அடிக்கிறபோதே, விரிசல் அங்கே இருந்திருக்கிறது.

அந்தத் தாங்கி மேடையைத் தாங்குகிற பாகமே இல்லை. ஏதோ ஒரு சாமான் மாட்டுகிற இடம். வெல்ட் செய்தவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் வெல்ட் செய்த நொடியிலிருந்து இரண்டு உலோகமும் ஒன்று. சின்னத் துண்டில் விடும் விரிசலுக்குப் பெரிய துண்டுக்குள் போக வழி திறந்தே இருக்கிறது.

வெல்டிங் செய்தால் கண் போய்விடுமா?

பாதுகாப்பாகச் செய்தால் போகாது. ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்படலத்தை வெயில் தோலைச் சுடுவதுபோலச் சுடும். அப்போது ஒன்றும் தெரியாது; 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல எரியும். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆனால் கசக்கக்கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவருக்கும் இது வரும்.

சாதாரண ராடு வெல்டிங்குக்கு 10, 11-ஆம் எண் கண்ணாடி, ஆம்ப் ஏறினால் இன்னும் அடர்த்தி. தானே இருளும் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு பயம் உண்டு, இருளுவதற்குள் கதிர் பட்டுவிடுமோ என்று. தரமான ஹெல்மெட்டின் வடிகட்டி இருளாத நிலையிலும் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுத்துக்கொண்டேதான் இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் ஆர்க்கின் சூட்டில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் கதை. ஹெல்மெட்டுக்குள்ளே பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கண்ணில் இரும்புத் துகள் விழுவது பெரும்பாலும் ஸ்லாக் தட்டும்போதும் கிரைண்டிங்கிலும்தான்.

புகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். கண்ணைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் இது வலிக்காது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் தொகுதியில் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலிருந்து ஆறிணைதிற குரோமியம் வரும். மாங்கனீசு அளவு மீறிப் போனால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கால்வனைஸ்டு தகட்டை அப்படியே வெல்ட் செய்தால் துத்தநாகப் புகையால் சில மணி நேரம் கழித்துக் குளிர் ஜுரம் வரும், ஓரிரு நாளில் போகும். காட்மியம் பூசிய பாகமும் முதலில் அதே ஜுரம்போலத்தான் காட்டும், ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. பூச்சு என்னவென்று தெரியாத இரும்பில் ஆர்க் அடிக்காதீர்கள். குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்த பாகத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

புகையைப் பிறக்கும் இடத்திலேயே இழுக்கும் குழாய் முதல் தேவை. தலையைப் புகைத் தூணுக்குள் விடாமல் பக்கவாட்டில் வைத்துப் பழகுவது இரண்டாவது. அதற்குச் செலவே இல்லை, ஆனால் முதல் மாதத்திலேயே பழகாவிட்டால் அப்புறம் வராது. மூன்றாவது, உலோகப் புகைக்கென்று வந்த வடிகட்டி உள்ள சுவாசக் கவசம். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இதற்கு உதவாது. பால் குடித்தால் புகை போய்விடும் என்ற நம்பிக்கை பல பட்டறைகளில் இருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகிறது. புகை போனது நுரையீரலுக்கு.

வேறு என்ன ஆபத்துகளில் உயிர் போகும்?

மின்சாரம். ராடு மாற்றும் நேரத்தில் ஹோல்டரில் 50 முதல் 100 வோல்ட் வரை நிற்கும். வறண்ட கையுறையில் ஒன்றும் தெரியாது. வியர்வையில் நனைந்த கையுறையோடு இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அதுவே போதும். மாற்றுக் கையுறை எப்போதும் வைத்திருங்கள்.

ஆர்கான். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம். குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் அடியில் தேங்கி, ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். தலையை உள்ளே விட்டவருக்கு மூச்சுத் திணறலே தெரியாது, நேராக மயக்கம்தான். அவரை இழுக்கப் போனவரும் விழுவார். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே மீட்டர் காட்டினால் உள்ளே போகக்கூடாது. மீட்டர் இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காலி டிரம். பெட்ரோலோ தின்னரோ இருந்த டிரம் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். மூடிய பாத்திரத்தில் தீ பட்டால் அது குண்டு. "சின்ன ஓட்டைதான், ஒரு நிமிஷம் அடைச்சுக் கொடுங்க" என்று கெஞ்சி வருவார்கள். ஒருமுறை நானே ராடை மாட்டிவிட்டேன். பக்கத்திலிருந்த மூத்த வெல்டர் மெயின் சுவிட்சை அணைத்து என்னை நிறுத்தினார். அவர் எதற்குக் கோபப்பட்டார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. அசிட்டிலீனைச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெல்டிங் முடித்த பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், ஒருவர் அங்கேயே நின்று தீ பார்க்க வேண்டும். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி அல்லது தோல் ஆடை போதும். காதில் அடைப்பான் போடுங்கள், சத்தத்துக்கு மட்டுமில்லை, காதுக்குள் விழும் பொறிக்கும் சேர்த்து.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் தளங்களில் பெண் வெல்டர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். 1984 ஜூலை 25 அன்று ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா சல்யூத் 7 விண்வெளி நிலையத்துக்கு வெளியே வந்து, எலக்ட்ரான் கற்றைக் கருவியால் உலோகத்தை வெட்டியும் வெல்ட் செய்தும் காட்டினார். விண்வெளியில் நடந்த முதல் பெண் அவர். அந்த நடையின் வேலையே வெல்டிங்தான்.

வேலையில் உண்மையான சிரமம் ஒன்று உண்டு: கையுறையும் ஜாக்கெட்டும் பெரிய அளவில்தான் கிடைக்கும். பொருந்தாத கையுறை ஆபத்து, ஆகவே சரியான அளவு கேட்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருக்கும்போது புகை, சூடு பற்றி மருத்துவரிடமும் மேலாளரிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

ரோபோ வந்துவிட்டதே, இனி வெல்டருக்கு வேலை இருக்குமா?

ஒரே பாகத்தை ஆயிரம் முறை வெல்ட் செய்யும் வேலை பெருமளவு ரோபோவுக்குப் போய்விட்டது, இன்னும் போகும். கார் உடம்பு அப்படித்தான் ஆகிறது. ஆனால் ரோபோவுக்குப் பாகம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் வந்து நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த ஆலையில் ஒரு குழாய் ஒழுகுகிறது, சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் கை மட்டும் நுழையும், பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வெல்ட் செய்ய வேண்டும் என்றால் அங்கே ஆள்தான் போவார். ரோபோவுக்குக் கோணமும் வேகமும் சொல்லிக்கொடுப்பதற்கும் குளத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். இளைஞர்களுக்கு நான் சொல்வது, வாய்ப்புக் கிடைத்தால் அந்த ரோபோவை இயக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

கடலுக்கடியில் வெல்டிங் செய்தால் நிறையச் சம்பாதிக்கலாமாமே?

முதலில் அது டைவிங் வேலை. தொழில்முறை டைவராகத் தகுதி பெற்று, அதன் மேல் வெல்டிங். தண்ணீருக்குள் போன பிறகும் பெரும்பாலான நேரம் பார்வையிடுவது, சுத்தம் செய்வது, வெட்டுவது, போல்ட் மாட்டுவது என்று போகும். 1932-ல் சோவியத் பொறியாளர் கான்ஸ்தந்தீன் க்ரெனோவ் இந்த முறையை உருவாக்கியதிலிருந்து தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, ஆபத்து குறைந்துவிடவில்லை. வருமானத்தைக் கேட்டு மட்டும் இதில் இறங்காதீர்கள்.

சம்பளம் எதைப் பொறுத்து ஏறும்?

எத்தனை பேர் அந்த வெல்டைப் போட முடியும் என்பதைப் பொறுத்து. தட்டையான ஃபில்லட் போடுபவர் நிறையப் பேர். எக்ஸ்ரேயில் தொடர்ந்து தேறும் குழாய் வெல்டர் குறைவு. ஸ்டெயின்லெஸ், டியூப்ளெக்ஸ், நிக்கல் கலவை தெரிந்தவர் இன்னும் குறைவு. ஷட்டவுன் வேலைகளில், அதாவது ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் சில வாரங்களில், கூலி நன்றாக இருக்கும், ஆனால் நீண்ட ஷிஃப்ட், வீட்டை விட்டுத் தள்ளி. அடுத்த ஷட்டவுன் வரை சும்மா இருக்க வேண்டியும் வரலாம். கையில் வந்த மாதக் கணக்கை மட்டும் பார்க்காமல் வருடக் கணக்கைப் பாருங்கள்.

உங்கள் ரிப்பேர் விகிதம் உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும். நூறு ஜாயிண்டில் எத்தனை திரும்பி வந்தது என்று மேற்பார்வையாளர்களுக்குத் தெரியும், அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் என்ன செய்வது?

முதுகும் முழங்காலும் கழுத்தும் ஒரு கட்டத்தில் பேச ஆரம்பிக்கும். வழிகள் பல. வெல்டிங் ஆய்வாளர் ஆகலாம். அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் சிடபிள்யூஐ, பிரிட்டனின் டிடபிள்யூஐ சார்ந்த சிஎஸ்விப் சான்றுகள் பல நாடுகளில் கேட்கப்படுகின்றன. ஃபோர்மேன், பயிற்சியாளர், அல்ட்ராசோனிக் அல்லது எக்ஸ்ரே சோதனையாளர், சொந்தப் பட்டறை என்றும் போகலாம். முப்பது வயதிலேயே விதிப்புத்தகத்தை வாசிக்கப் பழகியவருக்கு இந்த மாற்றம் சுலபம். வெல்டிங் செயல்முறைத் தாளைக் கையில் கொடுத்தால் ஆம்ப் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். முன்சூடு எவ்வளவு, பாஸுக்கு இடையில் சூடு எவ்வளவு, ஏன் அப்படி என்று கேளுங்கள்.

முதல் வேலையில் சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டறைக்குள் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். கூரைக்கடியில் நீல மூட்டமாகப் புகை நிற்கிறதா, இழுக்கும் குழாய்கள் வெல்ட் செய்யும் இடத்துக்குக் கிட்ட இருக்கின்றனவா? ராடு ஓவன் சூடாக இருக்கிறதா, அல்லது அதற்குள் யாராவது சாமான் போட்டு வைத்திருக்கிறார்களா? கேபிளில் தாமிரம் தெரிகிறதா? சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டி நிமிர்ந்து நிற்கின்றனவா? தீயணைப்பான் எங்கே என்று கேட்டால் உடனே கை காட்டுகிறார்களா?

அப்புறம் அங்கிருக்கும் மூத்த வெல்டரோடு கொஞ்ச நேரம் பேசுங்கள். புது ஆட்களுக்கு அவர் தன் ஜாயிண்டைக் காட்டுகிறாரா, கேள்வி கேட்டால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டு இடம் கிடைத்து, ஒன்றில் சம்பளம் சற்றுக் கூட, மற்றொன்றில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால், முதல் இரண்டு வருடத்துக்கு இரண்டாவது இடத்துக்கே போங்கள்.